ஊரடங்கு உங்கள் பகுதிக்கு என்ன செய்தது? காற்றையும் கூலியையும் ஒரே அட்டவணையில் எழுதும் முறை

2020ஆம் ஆண்டைப் பற்றிச் சென்னையில் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். "அப்போதான் காத்து சுத்தமா இருந்துச்சு" என்பது ஒன்று. "அதுல விழுந்தவங்க இன்னும் எழுந்திருக்கல" என்பது மற்றொன்று. இரண்டையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் சொல்கிறார். ஆனால் கல்லூரிகளில் செய்யப்படும் கள ஆய்வுகளைப் பார்த்தால், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் காற்றை மட்டும் அளக்கிறார்கள், பொருளியல் படிக்கும் மாணவர்கள் கடனை மட்டும் கேட்கிறார்கள். புகையை நிறுத்திய அதே மூடல்தான் கூலியையும் நிறுத்தியது என்பதால், இவற்றைத் தனித்தனி நோட்டில் எழுதினால் இரண்டு நோட்டுமே பாதி உண்மையைத்தான் சொல்லும். ஒரு பகுதியில் பெருந்தொற்றின் சுற்றுச்சூழல் விளைவுகளையும் பொருளாதார விளைவுகளையும் சேர்த்து ஆய்வு செய்வதற்கான ஒரு வழிமுறையை, மாணவர்களையும் ஆசிரியர்களையும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரையும் மனத்தில் வைத்து, இங்கே எழுதுகிறேன்.

பகுதியைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஒன்றை முழுவதுமாக எடுத்துக்கொள்வதுகூட நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்குப் பெரிய சுமை. ஒரு கடைத்தெருவும் அதைச் சுற்றியுள்ள சில குடியிருப்புத் தெருக்களும் போதும். அந்த இடத்தின் பிழைப்பு எது என்பதே உங்கள் கேள்விகளைத் தீர்மானிக்க வேண்டும். துரைப்பாக்கத்தில் என்றால் கணினி நிறுவனங்களை நம்பியிருந்த விடுதிகளும் டீக்கடைகளும் வாடகைக் கார்களும். காசிமேட்டில் என்றால் விசைப்படகும் ஐஸும் மீன் ஏலமும். மணலியில் என்றால் சுத்திகரிப்பு ஆலையும் ஒப்பந்தத் தொழிலாளரும். கொடுங்கையூரில் என்றால் குப்பைக் கிடங்கும் அதில் பொறுக்கிப் பிழைப்பவர்களும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே கேள்வித்தாளை அச்சடித்துக்கொண்டு கிளம்புவது நேர விரயம்.

முதலில் தேதிகள்

"கொரோனா காலம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே காலம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது 2023 மே 5 அன்று. இந்த மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குள் சென்னை பலமுறை மூடி, பலமுறை திறந்தது. அந்தத் தேதிகளைச் சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிய தாளில் எழுதிவைப்பதே முதல் வேலை.

2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை முதல் மாநிலத்தில் 144 தடையுத்தரவு, மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் கடைகளும் திறக்காத முழு அடைப்பு. அதற்கு முந்தைய நாள் கடைகளில் அலைமோதிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மே 5 முதல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. மொத்தக் காய்கறி வியாபாரம் சில நாட்களில் திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் மாறின. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மீண்டும் தீவிர ஊரடங்கு. செப்டம்பர் 1 அன்று மாநகரப் பேருந்துகளும் 7 அன்று மெட்ரோ ரயிலும் திரும்ப ஓடத் தொடங்கின. கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் செப்டம்பர் 28 அன்று திரும்பியது. இரண்டாம் அலையில் 2021 மே 10 முதல் ஊரடங்கு, மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு. மூன்றாம் அலையில் 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கும் மட்டுமே.

இந்தத் தாளில் மூன்று வண்ணப் பென்சில்களைப் பயன்படுத்துங்கள்: அரசு ஆணையால் நின்றது ஒரு வண்ணம், நோயால் நின்றது ஒரு வண்ணம், பயத்தால் நின்றது ஒரு வண்ணம். ஒரு முடிதிருத்தும் கடை ஆணையால் மூடப்பட்ட காலம் வேறு, திறந்த பிறகும் வாடிக்கையாளர் வரத் தயங்கிய காலம் வேறு, கடைக்காரரே காய்ச்சலில் படுத்திருந்த காலம் வேறு. ஆணை எப்போது தளர்ந்தது என்பது அரசிதழில் இருக்கும். பயம் எப்போது தளர்ந்தது என்பதைக் கடைக்காரரின் வாயிலிருந்து மட்டுமே வாங்க முடியும்.

எதோடு ஒப்பிடுவது?

இந்த ஆய்வில் கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஊரடங்கில் ஒன்று குறைந்தது என்றோ கூடியது என்றோ சொல்வதற்கு, ஊரடங்கு வராமலிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். வழக்கமாக எல்லோரும் முந்தைய ஆண்டான 2019ஐ எடுத்து அருகில் வைத்துவிடுகிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை, குறிப்பாகத் தண்ணீர் விஷயத்தில், இதைவிடத் தவறான ஒப்பீடு கிடையாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டை அளவுகோலாக வைத்தால் 2020இன் எந்தக் கிணறும் நிரம்பித்தான் தெரியும். அதற்கு ஊரடங்கு எந்த விதத்திலும் காரணமாகாது. 2019இல் வேலைக்குப் போகாமல் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த நாட்கள் பல வீடுகளில் இருந்ததால், வருமானத்துக்கும் அது சரியான அளவுகோல் அல்ல. முடிந்தால் 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுங்கள். தண்ணீருக்கு மட்டும் 2019ஐ நீக்கிவிடுங்கள்.

கடலோரத்தில் வேறொரு பொறி காத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2020 மே மாதத்தில் காசிமேட்டில் விசைப்படகு மீன் வரத்து நின்றிருந்தது என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் எல்லா மே மாதத்திலும் அதே நிலைதான். ஊரடங்கு விசைப்படகுக்காரர்களிடமிருந்து பறித்தது தடைக்காலத்துக்கு முந்தைய மூன்று வாரங்களை. அதை ஈடுசெய்யவே அந்த ஆண்டு தடைக்காலம் மே 31உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆகவே காசிமேட்டில் கேட்க வேண்டிய கேள்வி, மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் பாதியிலும் போக முடியாத நாட்களின் இழப்பை ஜூன் முதல் பாதி ஈடுகட்டியதா என்பது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது என்பதால் அவர்களிடம் கேள்வி வேறாகும்.

இதேபோல உங்கள் பகுதியில் 2019க்கும் 2022க்கும் இடையில் நோயோடு தொடர்பில்லாமல் மாறியவற்றை ஒரு தனித் தாளில் எழுதுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநில அரசின் தடை 2019 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது. நிவர் புயல் 2020 நவம்பரில் வந்தது. 2020இன் பிற்பகுதியில் பல மண்டலங்களில் குப்பை அகற்றும் ஒப்பந்தம் கைமாறியது. ஆகவே அந்த மண்டலங்களில் குப்பையின் எடை மாறியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டிய இடம் ஒன்றுக்கு மேற்பட்டது. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் கட்டணமில்லாமல் ஆனது. ஒரு வீட்டுவேலைத் தொழிலாளியின் மாதப் போக்குவரத்துச் செலவு அதன்பின் குறைந்திருந்தால், அவர் குறைவாகப் பயணம் செய்தார் என்று அதற்குப் பொருளில்லை.

காற்றைப் படிப்பது

மணலி, வேளச்சேரி, ஆலந்தூர் ஆகிய இடங்களில் பல ஆண்டுகளாகத் தானியங்கிக் காற்றுத்தர நிலையங்கள் இயங்குகின்றன. அரும்பாக்கம், கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி ஆகியவை பிறகு சேர்ந்தவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இவற்றின் அளவீடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது "காற்றுத் தரக் குறியீடு" என்ற ஒற்றை எண்ணை எடுக்காதீர்கள். பல மாசுகளில் அன்று எது மோசமோ அதன் எண்ணைத்தான் குறியீடு காட்டும் என்பதால், நேற்று நுண்துகளுக்காக வந்த எண்ணையும் இன்று ஓசோனுக்காக வந்த எண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுங்கள். ஒரு நாளில் 16 மணி நேர அளவீடாவது இல்லையென்றால் அந்த நாளையே விட்டுவிடுங்கள்.

சென்னையில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வெயில் ஏறி, கடற்காற்று வலுத்து, நுண்துகள் தானாகவே குறைவது வழக்கம். ஊரடங்கு தொடங்கியதும் சரியாக அந்தப் பருவத்தில்தான். ஆகவே 2020 பிப்ரவரியையும் ஏப்ரலையும் மட்டும் ஒப்பிட்டால் பருவத்தின் வேலையையும் ஊரடங்கின் கணக்கில் வரவு வைத்துவிடுவோம். இதைப் பிரிக்கும் வழி எளிது. நான் விளக்கத்துக்காகவே எடுத்துக்கொள்ளும் எண்களைப் பாருங்கள்: முந்தைய ஆண்டுகளில் பிப்ரவரியில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருந்தது ஏப்ரலில் 35 ஆனது என்றால், அது 30 சதவீத இறக்கம். 2020 பிப்ரவரியில் 45 இருந்தால், ஊரடங்கு இல்லாமலே ஏப்ரலில் ஏறக்குறைய 31 அல்லது 32 வந்திருக்கும். உண்மையில் 22 வந்திருந்தால், ஊரடங்கின் பங்கு அந்த ஒன்பது பத்து மைக்ரோகிராம் மட்டுமே. 45இலிருந்து 22 வரையுள்ள முழு வித்தியாசம் அல்ல.

கிடைத்த எண்ணை இந்தியாவின் வரையறையோடு வைத்துப் பார்ப்பது அடுத்த படி. பிஎம் 2.5க்கு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம், ஆண்டு வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய பரிந்துரையில் இவை முறையே 15, 5. ஊரடங்கின் மிகச் சுத்தமான வாரத்திலும் உங்கள் நிலையம் 15க்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால், வாகனங்கள் நின்ற பின்னும் எது புகைந்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழும். வடசென்னையில் அந்தக் கேள்விக்கு எண்ணூர், வல்லூர் அனல்மின் நிலையங்களின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். மின்சாரமும் எரிபொருளும் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தவை. நைட்ரஜன் டை ஆக்சைடு பெரிதும் வாகனப் புகையோடு ஏறி இறங்குவது. அதில்தான் ஊரடங்கின் கைரேகை தெளிவாகத் தெரியும். ஓசோனோ உலகின் பல நகரங்களில், நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்த அதே வாரங்களில் கூடியது. உங்கள் நிலையத்திலும் அப்படி இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

காற்றுச் சுத்தத்தையும் பருவநிலை மாற்றத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் அவசியம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 2019 சராசரியைவிட 17 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு முழுவதற்குமான குறைவு ஐந்தரை சதவீதத்தை ஒட்டியது. 2021இல் அது பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. இவ்வளவு குறைந்தும், ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் 2020 மே மாதம் அளக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடின் செறிவு 417 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 417 பங்கு. அதுவரை அங்கே பதிவானவற்றில் அதுதான் உச்சம். குழாயைச் சற்றுத் திருகி நீர் வரத்தைக் குறைத்தாலும் தொட்டி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். நுண்துகள் மழையிலும் காற்றிலும் சில நாட்களில் கலைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் நிற்கும்.

கூவமும் குப்பையும்

ஆறுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கங்கை தெளிந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கூவத்திலும் அடையாற்றிலும் அதைத் தேட வேண்டாம். இவ்விரண்டிலும் ஓடுவது பெரும்பகுதி வீட்டுக் கழிவுநீர். ஊரே வீட்டில் இருந்தபோது அது குறைய வழியில்லை. குயில் அதிகமாகக் கூவியது, மயில் தெருவுக்கு வந்தது என்பவற்றையும் நினைவுக் குறிப்புகளாக மட்டும் பதிவு செய்யுங்கள். பறவை கூடியதா, இரைச்சல் குறைந்ததால் அதன் குரல் காதில் விழுந்ததா என்று இப்போது பிரித்தறிய இயலாது.

குப்பையில் சற்று நிற்க வேண்டும். சென்னையின் அன்றாடக் குப்பை ஏறத்தாழ 5,000 டன். கொடுங்கையூர், பெருங்குடி என்ற இரண்டு கிடங்குகள்தான் பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கியவை. தொற்றுக் காலத்தில் உணவகங்களிலும் அலுவலகங்களிலும் சேர வேண்டிய குப்பை வீடுகளுக்கு இடம் மாறியது. அதன் குணமும் மாறியது. பிளாஸ்டிக் தடையைக் கஷ்டப்பட்டுப் பழகியிருந்த உணவகங்கள் பார்சல் மட்டுமே விற்கலாம் என்ற நிலையில் டப்பாக்களுக்குத் திரும்பின. முகக்கவசமும் கையுறையும் சேர்ந்தன. 2020 மார்ச்சுக்கும் 2021 நவம்பருக்கும் இடையில் ஐக்கிய நாடுகள் அவசர ஏற்பாட்டின் வழியாக மட்டும் உலக நாடுகளுக்கு அனுப்பப்பட்ட பாதுகாப்பு உடைகளும் கருவிகளும் ஏறத்தாழ 87,000 டன் என்றும், அவற்றில் பெரும்பகுதி கழிவாகியிருக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. வீடுகளில் பயன்படுத்திய முகக்கவசங்களைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, வெட்டி, அதன்பின் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் சொன்னது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு அந்த விதி தெரிந்திருந்தது என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் குப்பையைக் கையால் பிரித்த தூய்மைப் பணியாளரிடம் அப்போது அவருக்கு என்ன கொடுக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். உணவகங்களில் பார்சல் டப்பாவின் எண்ணிக்கையை நினைவிலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள். டப்பா வாங்கிய பில்களைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

வருமானத்தைக் கேட்பது

"உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்ற கேள்வியைக் கேள்வித்தாளிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்கு வரும் பதில் எண்ணாக இருக்காது, பெருமூச்சாக இருக்கும். எண்ணாக வந்தாலும் அது ஊகமாகவே இருக்கும். ரூபாயைக் கேட்காமல் படியையும் லிட்டரையும் கிராமையும் யூனிட்டையும் கேட்பதே இந்த முறையின் உயிர்.

இட்லிக் கடை நடத்தும் பெண்மணியிடம், "அக்கா, முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறப்போடுவீங்க? கடையைத் திரும்பத் திறந்தப்போ எத்தனை படி?" என்று கேட்டால் அவர் யோசிக்காமல் சொல்வார், ஏனென்றால் அது அவர் கை அறிந்த அளவு. ஆட்டோ ஓட்டுநரிடம், "அண்ணே, நாளைக்கு எத்தனை லிட்டர் போடுவீங்க?" என்று கேளுங்கள். எரிபொருளுக்குச் செலவிட்ட ரூபாயைக் கேட்டால் குழப்பமே மிஞ்சும்: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது, ஆனால் மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. விலை ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் என்று போன காலத்தில் லிட்டர்தான் பொய் சொல்லாது. அதே லிட்டர் உங்கள் காற்றுக் கணக்குக்கும் உதவும் என்பதைக் கவனியுங்கள்.

மின்சாரத்துக்கும் இதுவே விதி. மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கும் மின்வாரிய அட்டையை வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேதியும் அளவீடும் யூனிட்டும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் அந்த அட்டையில், 2020 கோடையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அளவெடுக்க ஆள் வரமுடியாததால் முந்தைய முறை கட்டிய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டைச் சேர்த்து எடுத்து இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். பில் தொகை தாறுமாறாக இருப்பதன் காரணம் இது. யூனிட்டை நான்கு மாதத்துக்கும் சமமாகப் பிரித்து எழுதி, பக்கத்திலேயே அந்த வீட்டில் யார் யார் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு நடந்தது என்று குறியுங்கள். அலுவலகக் கட்டடங்களின் குளிர்சாதனம் நின்றதால் மிச்சமான மின்சாரத்தில் ஒரு பங்கு, ஊழியர் வீட்டு மீட்டரில் ஏறியிருப்பது அப்போது தெரியும்.

அடகுச் சீட்டுதான் இந்த ஆய்வின் மிகச் சிறந்த ஆவணம் என்பது என் கருத்து. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 2020 தொடக்கத்தில் 30,000 ரூபாயை ஒட்டி இருந்த ஒரு சவரனின் விலை ஆகஸ்டு முதல் வாரத்தில் 40,000ஐத் தாண்டியிருந்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகள் நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்துவந்த கடனை 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2021 மார்ச் இறுதி வரை தளர்த்தியது. ஆக, ஜனவரியில் வைத்த அதே சங்கிலிக்கு ஆகஸ்டில் இன்னும் அதிகப் பணம் கிடைத்தது. கடன் தொகையை மட்டும் எழுதினால் அந்தக் குடும்பம் மேலும் ஆழமாக மூழ்கியது போலத் தோன்றும். நகையின் எடையைக் கிராமில் எழுதினால்தான் வீட்டிலிருந்து எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு மீண்டது, எவ்வளவு ஏலத்துக்குப் போனது என்பது புலப்படும்.

கடனைப் பற்றிக் கேட்கும்போது வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தியது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. தெருவோரக் கடைகள் நம்பியிருக்கும் தண்டலுக்கு அப்படி எந்த ஆணையும் கிடையாது. பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோதான். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கடையே திறக்காத நாளில் அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது, தண்டல்காரர் பொறுத்தாரா, வேறொரு தண்டல் எடுத்து இதை அடைத்தார்களா என்று கேளுங்கள். 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு தொடங்கிய 10,000 ரூபாய்க் கடன் திட்டம் அவர்களை எட்டியதா, எட்டியிருந்தால் அது வியாபாரத்துக்குப் போனதா, பழைய தண்டலை அடைக்கப் போனதா என்பதும் தெரிந்தால் நல்லது. நிவாரணத்தையும் மறக்காமல் எழுதுங்கள்: 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய், 2021இல் அரிசி அட்டைதாரருக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய்.

தேதி கேட்டால் பலருக்கு நினைவு வராது. சித்திரை பிறந்தபோதா, ஆடிக்கு முன்னாலா, தீபாவளிக்குத் துணி எடுத்தீர்களா, நிவர் புயலின்போது கடை திறந்திருந்ததா என்று கேட்டால் வரிசை தானாகவே வந்துவிடும். வீட்டில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு முதல் சுற்றில் போக வேண்டாம். அவர்களாகப் பேச விரும்பினால் கடைசியில் போங்கள், அப்போதும் கணக்கு நோட்டை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே தாளில்

இப்போது பெரிய தாளை எடுத்து மாதங்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். மேல் பாதியில் காற்று, மின்சாரம், குப்பை. கீழ்ப் பாதியில் படி, லிட்டர், கிராம். ஒரே மாதத்தில் மேலும் கீழும் என்ன நடந்தது என்று செங்குத்தாகப் படியுங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு மிகக் குறைந்த மாதத்தில்தான் ஆட்டோ லிட்டரும் அடிமட்டத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஆய்வுக்கு உண்மையில் பயன்படுபவை அந்தக் கோடுகள் பிரியும் இடங்கள்: காற்று 2021 தொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க, கிராம் இன்னும் திரும்பாமல் இருந்தால், சுற்றுச்சூழல் பெற்ற லாபம் சில வாரங்களோடு முடிந்துபோக, குடும்பம் அடைந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது என்பதற்கு உங்கள் தெருவிலேயே சான்று கிடைத்துவிட்டது.

கோயம்பேடு இதற்கு நல்ல பயிற்சி. சந்தை மூடியது நோய்ப் பரவலைத் தடுக்க. அதன் விளைவாகச் சில்லறை வியாபாரிகள் அதிகாலையில் பூந்தமல்லியையும் தாண்டித் திருமழிசைக்குப் போய்வர நேர்ந்தது. ஆகவே உங்கள் பகுதியின் காய்கறிக் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஒரு நடைக்கு எவ்வளவு தூரம் கூடியது, வண்டியைத் தனியாக எடுத்தாரா பகிர்ந்தாரா, எத்தனை மூட்டை அழுகிப்போனது. தூரம் டீசலாகவும் புகையாகவும் மேல் பாதியில் ஏறும்; அழுகல் குப்பையாக மேல் பாதியிலும் நஷ்டமாகக் கீழ்ப் பாதியிலும் ஏறும்; விலை உயர்வு வாங்குபவரின் கணக்கில் ஏறும். ஊரடங்கு புகையைக் குறைத்தது என்ற பொதுவான கூற்றுக்குள், புகையைக் கூட்டிய ஒரு சிறு பகுதியும் இருப்பது இப்படித்தான் வெளிவரும்.

துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் போன்ற இடங்களில் இந்தத் தாள் 2020உடன் முடியாது. அங்கே அலுவலகங்கள் திறந்த பிறகும் ஊழியர்கள் வாரத்தில் சில நாட்களே வந்தார்கள். ஒரு ஊழியர் வராத நாளில் நிற்பது அவருடைய வாகனம் மட்டுமல்ல; விடுதி அறை, மெஸ் சாப்பாடு, மாலை டீ, இஸ்திரி வண்டி, வாடகைக் கார் எல்லாமே நிற்கின்றன. போக்குவரத்து நெரிசல் குறைந்ததை நன்மையாக எழுதுபவர், அந்த இஸ்திரி வண்டிக்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று தேடிப் பிடித்தும் எழுத வேண்டும். ஊரை விட்டுப் போனவர்களை உங்கள் மாதிரியில் காண முடியாது என்பதே இதிலுள்ள பெரிய சிக்கல். மிஞ்சி நின்ற கடைகளை மட்டும் கேட்டால், பெருந்தொற்று அவ்வளவு மோசமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பூட்டிய கடைகளின் பட்டியலைப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேட்டுத் தயாரித்து, குறைந்தது சிலரையாவது தொலைபேசியில் பிடியுங்கள்.

எழுதும்போது

உலகப் புள்ளிவிவரங்களைப் பின்னணியாக மட்டும் வையுங்கள். 2020இல் உலகப் பொருளாதாரம் ஏறத்தாழ 3 சதவீதம் சுருங்கியது என்பதும், உலகெங்கும் இழந்த வேலை நேரம் 25.5 கோடி முழுநேரப் பணிகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது என்பதும் ஒரு பத்திக்குப் போதுமானவை. எந்த எண்ணை எடுத்தாலும் அது எப்போது வெளியானது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 2020-21 நிதியாண்டில் இந்தியப் பொருளாதாரம் சுருங்கிய அளவு முதலில் 7.3 சதவீதம் என்றும், பிறகு 6.6 என்றும், அதன்பின் 5.8 என்றும் திருத்தப்பட்டது. தேதி இல்லாமல் எழுதினால் படிப்பவர் உங்களைச் சந்தேகிப்பார்.

"ஊரடங்கால்" என்ற சொல்லை எழுதும் ஒவ்வொரு இடத்திலும், மாற்றங்களை எழுதிவைத்த தனித் தாளை ஒருமுறை பாருங்கள். வேறு காரணமும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பேசியவர்களின் பெயரும் கதவு எண்ணும் அறிக்கையில் வர வேண்டாம். சிறிய தெருவில் "மூலையில் இருக்கும் இட்லிக் கடை" என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால், தொழிலையும் இடத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். அடகுச் சீட்டைப் படமெடுக்க வேண்டாம். எடையையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன், பேசியவர்களில் விருப்பமுள்ளவர்களைக் கூட்டி அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொல்வார்கள், பெரும்பாலும் மாதங்களில்தான் இருக்கும். திருத்திய பிரதிகளில் ஒன்றை வார்டு உறுப்பினருக்கும், ஒன்றை அருகிலுள்ள அரசுப் பள்ளியின் நூலகத்துக்கும் கொடுத்துவிட்டு, மூலக் குறிப்பேடுகளைக் கல்லூரித் துறையிலோ சங்க அலுவலகத்திலோ, பெயர்ப் பட்டியலைத் தனியே பிரித்துப் பூட்டி வையுங்கள்.